வளவுக்குள் பத்து மீட்டர்: பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் நடை பழக்குவது எப்படி

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வண்டியில் சுற்றி, வீட்டுக்கு வீடு போய்ப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். புதிதாகக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து முகப்பில் நின்றிருக்கும். ஒரு பக்கம் கை கால் விழுந்த பெரியவரை இறக்க நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். ஒருவர் விளங்காத கையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, ஐந்து படி ஏறுவதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கியிருக்கும். கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும், 'அப்பாடா, வந்தாச்சு' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஒரு இழுப்பிலேயே தோள்மூட்டு கெட்டுப்போவதுண்டு. பக்கவாதம் வந்த கையில் தோளைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கையை இழுத்தால் மூட்டு கிண்ணத்திலிருந்து கீழே நழுவும், பிறகு மாதக்கணக்கில் வலி. வலிக்கிறவர் நடக்க ஒத்துழைக்க மாட்டார். ஆகவே முதல் விதி: விளங்காத கையைப் பிடித்து யாரையும் எழுப்பாதீர்கள். இடுப்பில் அகலமான பெல்ட்டோ, நாலாக மடித்த வேட்டியோ இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள்.

திடீரென்று ஒருநாள் இந்த வேலைக்குள் வந்து விழுந்த மகன், மகள், மருமகள், சம்பளத்துக்கு வந்திருக்கும் அக்கா ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு பிசியோவைக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். அவர் வந்து போன பிறகு இருக்கிற இருபத்துமூன்று மணி நேரத்துக்குத்தான் இது.

கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: அடைப்பா, இரத்தக் கசிவா? பிரெஷர் எவ்வளவு வரை போகலாம்? தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? விளங்காத காலில் எடை போட்டு நிற்கலாமா? இவ்வளவு போதும், மீதியை அந்தச் சீட்டே சொல்லும்.

சீட்டில் எழுதாத ஒன்றை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். முக்கியமாக இடது கை கால் விழுந்தவர்களிடம். சாப்பாட்டு இலையைப் பாருங்கள். வலப் பக்கம் வைத்ததெல்லாம் காலியாகியிருக்கும், இடப் பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் கூட்டும் தொடாமல் கிடக்கும். 'பிடிக்கலையா?' என்று கேட்டால், 'எங்கே வச்சே?' என்பார். கண்ணில் கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கத்தையே கணக்கில் எடுக்கவில்லை. இப்படிப்பட்டவர் நடக்கத் தொடங்கினால் இடது தோளை நிலையில் இடித்துக்கொள்வார், இடது காலை நாற்காலியில் மாட்டிக்கொள்வார். எனவே அவர் நடக்கும்போது நீங்கள் இடப் பக்கமே நில்லுங்கள், பேச்சையும் அந்தப் பக்கத்திலிருந்தே கொடுங்கள்.

வீட்டை ஒரு சுற்று பாருங்கள்

நடை ஆராய்ச்சி செய்கிறவர்கள் சமமான, வெளிச்சமான, நீளமான ஒரு நடைபாதையில் ஆளை நடக்கவிட்டு அளப்பார்கள். நம் செட்டிநாட்டு வீடு அப்படி இல்லை. முகப்பில் படி, திண்ணை, நிலைவாசல், வளவு (முற்றத்தைச் சுற்றித் தூண்களோடு இருக்கும் உள்கூடம்), நடுவில் முற்றம், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அடுப்படி, கடைசியில் பின்கட்டில் கிணறும் கழிப்பறையும். படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போக மூன்று நிலை தாண்ட வேண்டிய வீடுகள் எனக்குத் தெரியும்.

நிலைப்படிதான் பெரிய எதிரி. தேக்கு நிலையில் கீழ்க்கட்டை நல்ல உயரமாக இருக்கும். அதை மிதிக்கக் கூடாது என்று சின்ன வயசிலேயே சொல்லி வளர்த்திருக்கிறோம், அதனால் எல்லாரும் காலை உயர்த்தித் தாண்டிப் பழகிவிட்டோம். பக்கவாதத்தில் முதலில் போவதே அந்தத் தூக்கல்தான். பாதத்தின் முன்பகுதி தொங்கும், கட்டை விரல் கட்டையில் இடறும். நான் போகும் வீடுகளில் விழுந்தவர்களில் பாதிப் பேர் நிலைப்படியில், மீதிப் பேர் இராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில். இது என் அனுபவக் கணக்கு மட்டும்.

இதற்கு இரண்டு வழி. நிலைப்படியின் இரு பக்கமும் சாய்வுப் பலகை போடலாம். தச்சரிடம் சொல்லும்போது கணக்கையும் சொல்லுங்கள்: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயரமென்றால் 180 செ.மீ. பலகை. அவ்வளவு நீளத்துக்கு இடம் இல்லையா? அப்படியானால் இரண்டாவது வழி, படுக்கையை மாற்றுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்குக் கட்டிலைக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு சேர் போடுங்கள். 'அப்பா எப்பவும் முன்னாடி அறையிலதான் படுப்பாக' என்று சொல்வார்கள். மூன்று மாதம் பின்னாடி படுக்கட்டும்.

அடுத்தது தரை. ஆத்தங்குடிக் கல் கண்ணுக்கு அழகு, ஈரமானால் ஆபத்து. கண்ணாடிப் பரப்பின் மேல் வார்த்து எடுக்கிற கல், அந்த வழவழப்பு அதன் பிறப்பிலேயே இருக்கிறது. மினுமினுப்புக்காகத் துடைக்கிற தண்ணீரில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அதை நிறுத்தச் சொல்லுங்கள். முற்றத்தில் மழை பெய்தால் சாரல் வளவு வரை வரும், அன்றைக்கு நடைப் பயிற்சி உள்ளறையில்தான். கால்மிதி, ஜமுக்காளம், கோரைப்பாய் எதுவும் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது. ஹவாய் செருப்பும் வேண்டாம். விளங்காத காலிலிருந்து அது கழன்று விழுவது அவருக்கே தெரியாது. பின்னால் வார் உள்ள செருப்பாக வாங்குங்கள்.

கைப்பிடிக் கம்பி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கழிப்பறைக்குப் போகிற சுவரில் கம்பி அடிக்கப் பங்காளிகள் ஆறு பேரின் சம்மதம் வேண்டியிருந்தது. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். 'பழைய சுவர், ஓட்டை போடக் கூடாது' என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. பதினெட்டு நாளில் சம்மதம் வந்தது. பதினைந்தாம் நாளே பெரியவர் அந்த வழியில் விழுந்துவிட்டார். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் காத்திருக்காதீர்கள், தரையில் நிற்கிற கைப்பிடிச் சட்டகம் வாங்கிப் போட்டுவிடுங்கள். கம்பியே அடிப்பதானால் செங்கல் வரை இறங்கும் நீளமான ஆங்கர் போல்ட் கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் மேலாக அடித்த ஆணி, பெரியவர் பிடித்துத் தொங்கினால் பூச்சோடு கையில் வரும்.

ஒரு அளவு எடுத்து வையுங்கள்

'இப்ப பரவாயில்ல', 'முன்னைக்கு இப்ப தேவல' என்பதெல்லாம் அளவு ஆகாது. தினமும் கூடவே இருப்பவர் கண்ணுக்கு முன்னேற்றமும் தெரியாது, சறுக்கலும் தெரியாது. ஆராய்ச்சி உலகம் இதற்கு வைத்திருக்கும் கருவி ரொம்பச் சின்னது: பத்து மீட்டர் தூரம், ஒரு கடிகாரம்.

நம் வீடுகளின் நீளம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. வளவின் நீளவாக்கில் டேப் வைத்து 10 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலிருந்தே நடக்கச் சொல்லுங்கள், கடைசிக் கோட்டைத் தாண்டியும் இரண்டு மீட்டர் நடக்கட்டும். கோட்டுக்குக் கோடு மட்டும் ஃபோனில் நேரம் எடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், வழக்கமான நடைதான் வேண்டும். தடியோ வாக்கரோ வைத்திருந்தால் அதோடேயே நடக்கட்டும்.

25 நொடிக்கு மேல் ஆனால், அந்த நடை வீட்டுக்குள் புழங்க மட்டும்தான். 25க்கும் 12.5க்கும் நடுவில் இருந்தால் தெருமுனைக் கடை வரை, அதுவும் துணையோடு. 12.5 நொடிக்குள் முடித்தால் சந்தை, கோவில் என்று வெளியே போகலாம். 1995இல் ஜாக்குலின் பெர்ரி என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் பக்கவாதம் வந்தவர்களை அளந்து, நொடிக்கு 0.4 மீட்டர், 0.8 மீட்டர் என்று வகுத்த எல்லைகளைத்தான் உங்கள் கடிகாரத்துக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு அளவும் உண்டு. கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம்? 13.5 நொடியைத் தாண்டினால் விழ வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், மாத்திரை போட்டு அதே இடைவெளியில் இரண்டையும் எடுத்துக் காலண்டர் தாளில் குறியுங்கள்.

செலவே இல்லாத மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது பேச்சுக் கொடுங்கள். 'ஆச்சி, இன்னைக்கு என்ன குழம்பு?' பதில் சொல்ல நின்றுவிட்டாரா? 1997இல் ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் 58 பேரை இப்படிப் பார்த்தார்கள். பேச நின்றவர்கள் 12 பேர், அதில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பது தானாக நடக்கும் வேலையாக இல்லாமல், முழுக் கவனத்தையும் தின்னும் வேலையாகிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. பேச நிற்பவரோடு நடக்கும்போது பேசாதீர்கள், அவர் வீட்டில் நடக்கும்போது ஃபோனையும் கையில் கொடுக்காதீர்கள்.

எழுவது, நிற்பது

நடப்பதற்கு முன் எழப் பழக வேண்டும். நாற்காலி 45 செ.மீ. உயரம், கை வைத்தது, சக்கரம் கூடாது. ஊஞ்சலில் உட்கார வைத்து எழுப்பாதீர்கள், அது பின்னால் போகும்.

உட்கார்ந்தவர் பிட்டத்தை நாற்காலியின் முன்விளிம்புக்குக் கொண்டுவரட்டும். இரண்டு குதிகாலும் முட்டிக்குப் பின்னால் வரட்டும், விளங்காத பாதம் மற்றதைவிட ஒரு விரற்கடை பின்னால் இருந்தால் நல்லது, எடை அதில் விழும். மூக்கு கால் விரலுக்கு நேர் மேலே வரும் வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழ வேண்டும். நம்மவர்கள் சாயாமல் நேராக எழப் பார்ப்பார்கள், பின்னால் விழுவார்கள். நீங்கள் விளங்காத பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உங்கள் முட்டியால் அவர் முட்டியை அணை கொடுங்கள். நின்றதும் ஐந்து எண்ணட்டும், பிறகு மெதுவாக உட்காரட்டும். தொப்பென்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

நிலைத்து நிற்பதற்கு மூன்று உதவிகள் உண்டு: கண், காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்திலிருந்து வரும் உணர்ச்சி. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் தாங்கும். சர்க்கரை முற்றிப் பாதம் மரத்தவர்கள் முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடுவது இதனால்தான். அவர்கள் உட்கார்ந்தே முகம் கழுவட்டும். இராத்திரி கரண்ட் போனால் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் டார்ச் எப்போதும் இருக்கட்டும். பயிற்சிக்கு, அடுப்படி மேடையை ஒட்டி நின்று, பின்னால் நாற்காலி போட்டு, முதலில் காலை அகட்டி, அப்புறம் பாதங்களைச் சேர்த்து, அப்புறம் ஒரு பாதத்தை மற்றதன் முன் வைத்து நிற்கலாம். அடுத்த கட்டத்துக்கு எப்போது போவது என்பதை பிசியோ சொல்லட்டும்.

தடியும் படியும்

தடி நல்ல கையில். விளங்காத பக்கத்துக்குத்தானே தாங்கல் வேண்டும் என்று கேட்பார்கள், ஆனால் பிடிக்கவே முடியாத கையில் தடி எதற்கு? நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு வரை வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்ததா என்று மாதம் ஒரு முறை பாருங்கள், ஆத்தங்குடிக் கல்லில் அது வழுக்கும்.

வரிசை இது: முதலில் தடி, அடுத்து விளங்காத கால், கடைசியாக நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விளங்காத கால் முதலில். துணைக்கு வருபவர் விளங்காத பக்கம், அரை அடி பின்னால், இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடி வரட்டும். நிலைப்படியைத் தாண்ட எந்தக் கால் முதலில் என்பது காலைத் தூக்கும் அளவைப் பொறுத்து மாறும். ஒரு தடவை பிசியோ பார்த்துச் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். பாதம் தொங்கினால் கணுக்காலுக்கு ஒரு பட்டை உண்டு, போட்ட அன்றே நடை மாறுவதைப் பார்க்கலாம்.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போன மனிதர்கள் தடியைத் தொட மாட்டேன் என்பார்கள். வாதாடாதீர்கள். பத்து மீட்டரைத் தடியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை எடுத்து இரண்டு எண்ணையும் காட்டுங்கள். முடிவை அவர்களே எடுப்பார்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தால் நல்லது என்று நினைத்து, 2104 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது: அப்படி முடுக்கியவர்கள் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியது மற்றவர்களைவிடக் குறைவு. எனவே ஆஸ்பத்திரியில் 'ஏன் இன்னும் நடக்க விடலை?' என்று சண்டை போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை தலைகீழ், குறைவாகச் செய்வதுதான் இப்போது பிரச்சினை. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு பயிற்சி நேரத்தில் நோயாளி சராசரியாக 357 காலடிதான் வைத்தார். உங்கள் வளவை ஒரு சுற்று சுற்ற அறுபது காலடி என்றால் ஆறு சுற்று. அது ஒரு வேளைக்கு. காலையில் அவ்வளவு, மாலையில் அவ்வளவு, நடுவில் உட்காரத் தூணுக்குத் தூண் நாற்காலி.

'ஆறு மாசத்துக்கு மேல ஒண்ணும் வராதாம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் மூன்று மாதம் வேகம், அப்புறம் மெதுவு, அது உண்மை. ஆனால் 2011இல் அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பயிற்சி தொடங்கியவர்களும் ஒரு வருஷத்தில் முன்னேறியிருந்தார்கள். உடம்பைத் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைத்தவர்களுக்கும், வீட்டுக்கு வந்த பிசியோவிடம் பயிற்சி எடுத்தவர்களுக்கும் வருஷக் கடைசியில் வித்தியாசம் இல்லை, மொத்தத்தில் 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி ஏறியிருந்தார்கள். பெரிய மெஷின் உள்ள இடத்துக்குப் போக வசதி இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நமக்குக் கொஞ்சம் கசப்பான ஆய்வும் இருக்கிறது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேரை வைத்து, குடும்பத்தாருக்கே பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். 2017இல் முடிவு: வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் பலன் இல்லை. குடும்பம் வேண்டாம் என்று நான் இதைப் படிக்கவில்லை. குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்கக் கூடாது என்றுதான் படிக்கிறேன். செலவு கஷ்டமென்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஊனம் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். புறா இரத்தம் தடவுகிறவரிடம் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல கணுக்கால் பட்டைக்குக் கொடுங்கள்.

பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்றால்

இது வேறு நோய், நடைப் பிரச்சினையும் வேறு. கால் பலமாகவே இருக்கும், ஆனால் நிலைவாசலுக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். ஒரே நேர்கோட்டில் வாசல் மேல் வாசலாக இருக்கும் நம் வீடுகளில் அவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. பின்னாலிருந்து தள்ளாதீர்கள், விழுந்துவிடுவார்கள்.

தரையில் குறுக்குக் கோடு இருந்தால் அதைத் தாண்டிக் கால் எழும். 1967இலேயே லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் இதை எழுதிவைத்தார். நமக்குக் கோடு காலடியிலேயே கிடக்கிறது. எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் என்றால் இரண்டு கல்லுக்கு ஒரு கோடு, ஏறக்குறைய 40 செ.மீ. 'இந்தக் கோட்டைத் தாண்டுங்க, அடுத்தது, அடுத்தது' என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். பூ வேலைப்பாட்டில் கோடு தெரியவில்லையென்றால், நிலைக்கு முன்னும் பின்னும் நிறம் தூக்கலான டேப் ஒட்டுங்கள். தாளம் போட்டாலும் கால் வரும். எழுந்ததும் தலை சுற்றுவது இந்நோயில் சகஜம், கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்த பிறகே நிற்கட்டும்.

விழுந்தால்

ஓடிப்போய் உடனே தூக்காதீர்கள். தலையில் அடியா, இடுப்பு வலியா, கால் திரும்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அசைக்காமல் 108. புதிதாக வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல் இருந்தாலும் 108தான். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், மதுரைக்குப் போகும் நேரமும் அதில் கழியும். வண்டியில் ஏறியதுமே அங்கே ஸ்கேனும் ஊசியும் தயாரா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நாற்காலியை அவர் முன் கொண்டுவந்து, முட்டி போட வைத்து, நல்ல கையை நாற்காலியில் ஊன்றி அவரையே எழ விடுங்கள்.

போன தை மாதம் பார்க்கத் தொடங்கிய ஓர் ஆச்சிக்கு வளவில் முதல் நாள் பத்து மீட்டர் 31 நொடி. ஆனியில் 19. காலண்டர் தாளை அவர் மகளிடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஆச்சி எட்டிப் பார்த்து, 'அப்ப முகப்புக்குப் போகலாமா தம்பி?' என்றார். மறுநாள் தடியை மணிக்கட்டுக்குச் சரிபார்த்து, முகப்பின் முதல் படியில் நல்ல காலை வைக்கச் சொன்னேன்.